சுவரோரச் சட்டம்

சாய்ந்த வெயில் பலகை இடுக்குகளில் ஒழுகி, மேடைக்கு அடியில் குந்தியிருக்கும் தச்சரின் முதுகில் கோடுகோடாக விழுகிறது. வீட்டுக் கதவையொட்டி ஆள் உயரத் தூண்களில் நிற்கும் இந்த மரமேடையை இன்னும் நான்கடி நீட்டித் தர வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப இடம் போதவில்லை என்றுதான் வீட்டுக்காரம்மா அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். பழையது தாங்குமா என்று பார்க்காமல் அவர் புதியதில் கை வைப்பதில்லை. சுவரையொட்டிய சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்துகிறார். ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல் அது பிடிவரை இறங்குகிறது. சுவரோடு பிணைக்க ஒரு போல்ட்கூட இல்லை. துருப்பிடித்த ஆணிகள்தான்; அவற்றிலும் பாதி கழன்று தொங்குகின்றன.

வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார். "நீட்ட முடியாதும்மா. மொத்தமாப் பிரிச்சாகணும். இத்தனை நாள் எப்படி நின்னுச்சுன்னே தெரியல."

அவள் மேடையைப் பார்க்கிறாள். "மூணு மாசமா தினம் அவரை இங்கதான் உக்கார வைக்கிறேன்," என்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்துகிறாள். "மெதுவாப் பேசுங்கண்ணே. அவருக்குப் பேச்சுதான் வரல, காது நல்லாக் கேக்கும். இது அவரே ஒத்த ஆளா நின்னு கட்டினது."

திறந்த கதவுக்கு உள்ளே, நாற்காலியில் அவள் கணவர். எல்லாம் கேட்டாயிற்று என்பது கண்களிலேயே தெரிகிறது. விளங்காத வலது கை மடியில் கிடக்கிறது. இடது கை மெல்ல எழுந்து, மேடையைக் காட்டி, தாழ்கிறது. பிரித்துவிடு என்கிறது அது.

தச்சர் கடப்பாரையை முதல் பலகைக்கு அடியில் கொடுக்கிறார். நெம்பவே வேண்டியிருக்கவில்லை. ஓர் ஆணிகூட முனகாமல், பலகை கையோடு வந்துவிடுகிறது.