கழுத்துக் காயம்

"பாருங்க சார், கழுத்தைப் பாருங்க! கயிறு அறுத்து அறுத்துத் தோலே உரிஞ்சு போச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

டீச்சருக்கு மூச்சு வாங்கியது. அரை நாள் லீவு போட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் பிராணிகள் நல அலுவலகத்துக்குப் போய், அதிகாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். தன் வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. நேரே பக்கத்து வீட்டு முற்றம்தான்.

டீச்சர் மனசு அப்படி. ஒரு எறும்பு செத்தால்கூட உச்சுக்கொட்டுகிற மனசு.

அதிகாரி குனிந்து பார்த்தார். நாய் சரியான ஒல்லி. பேரே ஊசி. தையல்காரம்மா வளர்க்கிற நாய்க்கு வேறென்ன பேர் இருக்கும்? கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து, தோல் சிவந்து கிடந்தது. மேலே மருந்து தடவியிருந்தது. தண்ணீர்க் கிண்ணம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்திருந்தது.

"என்னம்மா இது?"

தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். அளவெடுக்கிற டேப் இன்னும் கழுத்தில் தொங்கியது.

"கட்டிப் போட்டா இழுக்குது சார். துணியைச் சுத்திப் பார்த்தேன். தினம் மருந்து போடுறேன். ஆறுறதுக்குள்ள மறுபடி இழுத்துடுது."

"அப்ப ஏன் கட்டணும்? அவிழ்த்து விட வேண்டியதுதானே?"

அவள் டீச்சரை ஒரு தரம் பார்த்தாள்.

டீச்சரே சொன்னாள். எதையும் மூடி மறைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"கட்டச் சொன்னது நான்தான் சார். அதோ, எங்கப்பா ரூம் ஜன்னல் இந்தப் பக்கம்தான் இருக்கு. புதுசா பெயின்ட் அடிச்ச ஜன்னல். பிராண்டிப் பிராண்டி நாசம் பண்ணிடுச்சு. அதுக்காகக் கழுத்து அறுபடுற மாதிரியா கட்டச் சொன்னேன்? மத்தியானம் ஆனா ஊளை விடுதாம். தெருவே சொல்லுது. பசியோ, தாகமோ, யாரு கண்டா? இவங்க பாட்டுக்கு மெஷினை ஓட்டிக்கிட்டிருக்காங்க."

"வேளாவேளைக்குச் சாப்பாடு போடுறேன் சார்."

"தண்ணி? கிண்ணம் கவுந்து கிடக்கே!"

"இழுக்கிறப்ப கயிறு பட்டுக் கவுந்துடுதும்மா."

"எல்லாத்துக்கும் ஒரு பதில்!" டீச்சர் அதிகாரி பக்கம் திரும்பினாள். "எங்கப்பா படுத்த படுக்கையா கிடக்கிறார் சார். பக்கவாதம். ஒரு பக்கம் முழுசும் விழுந்துடுச்சு, பேச்சும் போச்சு. நானும் வேலைக்குப் போறவதான். ஆனா அவருக்கு ஊட்டி விடாம, தலைமாட்டுல பிளாஸ்க் நிறையத் தண்ணி வைக்காம, ஒரு நாள்கூட வாசலைத் தாண்டினதில்லை. வாயில்லாத ஜீவனைப் பார்த்துக்கிறதுன்னா சும்மாவா?"

சொன்னது அத்தனையும் நிஜம். சாயங்காலம் வந்து பார்த்தால் பிளாஸ்க் அப்படியே இருக்கும். "ஏம்ப்பா தண்ணியே குடிக்க மாட்டேங்கிறீங்க?" என்று கோபித்துக்கொள்வாள். அப்பா கோணிப்போன வாயால் சிரிப்பார். வயசானவர் பிடிவாதம் என்று அவளும் விட்டுவிடுவாள்.

அதிகாரி நிமிர்ந்தார். "இப்படியே விட்டுட்டுப் போக முடியாதும்மா. நாயை நாங்க கொண்டுபோறோம். காயம் ஆறட்டும். திருப்பித் தர்றதா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கலாம்."

தையல்காரம்மா ஊசிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஐயோ, வேண்டாம் சார். மெஷின் ஓடுறப்ப எனக்கு ஒண்ணுமே கேக்காது. இதுக்குத்தான் கேக்கும்..."

"என்ன கேக்கும்?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஊசி காதுகளை விடைத்துக்கொண்டு எழுந்தது. ஒரே பாய்ச்சல். கயிறு விண்ணென்று இழுபட, ஜன்னல் பக்கம் பார்த்துப் பெரிதாக ஊளையிட்டது.

"பார்த்தீங்களா? இதைத்தான் சொன்னேன்!" என்றாள் டீச்சர்.

"கொஞ்சம் சும்மா இருங்க." அதிகாரி கையை உயர்த்தினார்.

ஊளைக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. டொக்... டொக்... இரும்பில் எதையோ தட்டுகிற சத்தம். டீச்சர் வீட்டு ஜன்னலிலிருந்து வந்தது.

தையல்காரம்மா தயங்கினாள். பிறகு, வருவது வரட்டும் என்று உள்ளே ஓடி, ஒரு டம்ளர் தண்ணீரும் அதில் ஒரு ஸ்ட்ராவுமாகத் திரும்பி வந்தாள். ஜன்னலுக்குப் போய்த் திரையை ஒதுக்கி, கம்பிக்குள் கையை நீட்டினாள்.

பின்னாலேயே ஓடிவந்த டீச்சர் எட்டிப் பார்த்தாள். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அப்பா. இடது கையில் ஒரு ஸ்பூன். அதைக் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கண்டதும் நழுவவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, ஸ்ட்ராவை விடாமல், கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்தார்.

ஊசி அடங்கிப் போய்த் தரையில் படுத்துக்கொண்டது.

டீச்சர் தையல்காரம்மா பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லலாம்னுதான் இருந்தேம்மா. ஐயாதான் வேண்டாம்னு கையை ஆட்டினார், கண்ணுல தண்ணியோட. நீங்க மனசொடிஞ்சு போயிடுவீங்கன்னு நினைச்சிருப்பார். சரி, கெட்ட பேரு என்னோடயே போகட்டும்னு விட்டுட்டேன்."

"ஆனா... பிளாஸ்க் நிறைய வச்சிட்டுத்தானே போறேன்? கைக்கு எட்டுற தூரத்துலதானே இருக்கு?"

இருந்தது. தலைமாட்டில், காலையில் வைத்த இடத்திலேயே. சிந்திவிடக் கூடாதே என்று அவள் இறுக்கித் திருகிய மூடியும் அப்படியே இருந்தது.

தையல்காரம்மா காலி டம்ளரை வெளியே எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஒரு கையால அந்த மூடியைத் திறக்க முடியாதும்மா."