மூன்றாவது ஓலைக்கு முதல் நாள்

சிலுவை போட்டு முடித்த பிறகுதான் அந்தத் தழும்பைப் பார்த்தேன்.

எண்ணெயின் முதல் சொட்டைக் கட்டைவிரலில் தொட்டு, படுத்திருப்பவர் முதுகில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் மசாஜை ஆரம்பிப்பேன். ஆறு வருடப் பழக்கம். யாரும் கண்டுகொண்டதில்லை. சிதம்பரத்தில் என்னிடம் முதுகைக் கொடுக்கிறவர்கள் பேராசிரியர்களின் மனைவிகள், பிச்சாவரத்தில் படகு ஏற வந்த சென்னைப் பெண்கள். அவர்களுக்கு அது வெறும் முதல் தடவல்.

இந்த முதுகு மட்டும் ஒரு கணம் இறுகியது.

கட்டிலின் ஓரமாகத் தொங்கிய வலது கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே குக்கர் சுட்ட தழும்பு. இரண்டு மாதத்துக்கு முன் நிச்சயதார்த்தத்தில் என் தலையில் பூ வைத்த கை.

ராபர்ட்டின் அம்மா ஆரோக்கியம்மாள். எனக்கு மாமியாராகப் போகிறவர். கடலூரிலிருந்து வந்து, மசாஜ் கட்டிலில் முகம் வைப்பதற்கென்று இருக்கிற ஓட்டையில் முகத்தைப் புதைத்து, என் முன்னால் குப்புறப் படுத்திருக்கிறார்.



அவருக்குத் தெரிந்த சகாயசெல்வி, அதாவது நான், அண்ணாமலை நகரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்க்கிறவள். அப்படிச் சொல்லி வைத்தது ராபர்ட். கல்யாணம் முடியட்டும், மெதுவாக உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். நானும் தலையாட்டினேன். எனக்கு என் வேலை மேல் வெட்கம் கிடையாது. அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் போகிற போக்கைத்தான் பார்க்கப் பிடிக்காது.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. இரண்டு ஓலை முடிந்துவிட்டது. நாளை மூன்றாவது.

பங்குச் சாமியார் கேட்கிற தடை வேறு, மாப்பிள்ளை வீட்டார் தேடுகிற தடை வேறு. ராபர்ட்டின் அப்பா, பெண் பார்க்க வந்த அன்றே, பொண்ணு பஸ்ஸில் யாரோடு போய் வருகிறாள் என்று என் அம்மாவிடம் கேட்டவர். இந்த இடத்தில் நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் இன்றைக்கே ஓலையை நிறுத்திவிடுவார்.

வேறு யாரையாவது உள்ளே அனுப்பிவிட்டு நழுவலாம் என்றால் ஆள் இல்லை.

இரண்டு வருடத்தில் இந்த ஊரில் புதிதாக நாலு ஸ்பா வந்துவிட்டது. பேக்கேஜ், கிஃப்ட் வவுச்சர், ரீல்ஸ் என்று அமர்க்களப்படுகிறது. சனிக்கிழமையானால் முன்பதிவு இல்லாமல் கட்டில் கிடைக்காது. வேலைக்குத்தான் பெண்கள் நிலைப்பதில்லை. போன மாதம் கூட வேலை பார்த்த மலர்க்கொடியை அவள் அண்ணன் வந்து கையோடு கூட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு போர்டில் மசாஜ் என்பதை அழித்துவிட்டு வெல்னஸ் என்று எழுதினார்கள். எழுதி என்ன? முதுகைக் கொடுக்க வருகிறவர்கள் பெரிய மனிதர்கள், பிடித்துவிடுகிறவள் மட்டும் ஒரு மாதிரி.

மிச்சம் இருப்பது நானும் ஜூலியும்தான். ஜூலி பக்கத்து அறையில் இன்னொரு முதுகோடு இருந்தாள்.

ஒரு மணி நேரம். பாதி குப்புற, பாதி மல்லாக்க. அரை மணியானதும் தோளில் இரண்டு முறை தட்டுவேன், அவர் திரும்பிப் படுக்க வேண்டும். திரும்பினால் நேராக என் முகம்.

வாயைத் திறக்கவும் வழியில்லை. முகூர்த்தப் புடவை நிறத்துக்காக மூன்று வாரமாக என்னோடு போனில் பேசிக்கொண்டிருப்பவர். என் இருமல்கூட அவருக்குத் தெரியும்.

"எந்தக் கோயில் பங்கும்மா நீ?"

ஓட்டைக்குள்ளிருந்து கேட்டார். சிலுவை காட்டிக்கொடுத்துவிட்டது. கோயில் பெயரைச் சொன்னால் தீர்ந்தது கதை. காதில் விழாதவள் மாதிரி ஏசியைக் கூட்டினேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

கொரோனா போனதும் மாஸ்க்கைத் தூக்கிப் போட்ட என் புத்தியை நொந்துகொண்டேன். விளக்கைக் குறைத்தேன். அதற்கு மேல் குறைக்க அதில் ஒன்றும் இல்லை. துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, பைத்தியமா என்று நானே அவிழ்த்தேன். கை என் பேச்சைக் கேட்காமல் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அரை மணி தாண்டியது. நாற்பது நிமிடமும் ஆனது. அந்த முதுகில் இனி பிடித்துவிட இடமில்லை.

அந்தோணியாரே என்று சொல்லிக்கொண்டு தோளில் தட்டினேன்.

அவர் அசையவில்லை.

இன்னொரு முறை தட்டினேன்.

"திரும்ப மாட்டேன்மா. மூஞ்சிய பாத்துட்டா எனக்குப் பொய் சொல்ல வராது."

தட்டிய கையை எடுத்துக்கொண்டேன்.

"யாரோ போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. உங்க மாமா கீழ கார்ல உக்காந்திருக்காரு. நீ இங்க இருக்கியான்னு பாத்துட்டு வரச் சொல்லி அனுப்பினாரு. எந்தப் பொண்ணையும் பாக்கலன்னு சொல்லிக்கிறேன். நாங்க கெளம்பிப் போற வரைக்கும் ஜன்னல் பக்கம் வராத."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. அத்தை என்று கூப்பிட வாய் வந்தது, என் குரலைக் கேட்டாலும் அவருக்குப் பொய் வராதோ என்ற பயத்தில் அதையும் விழுங்கிக்கொண்டேன். கீழே ஹாரன் சத்தம் கேட்டது. அவரும் கேட்டிருப்பார்.

"அவரு கெடக்காரு. வந்தது வந்துட்டேன், அந்த இடுப்ப இன்னொரு வாட்டி அழுத்து" என்றார்.