வரிசையில் கடைசி ஆள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு போன் அடித்தது. எட்டு மணியிலிருந்தே அதன் எதிரில் உட்கார்ந்திருந்த ஜெராக்ஸ் கடைக்காரர், நாலு தடவை அடிக்கவிட்டுத்தான் எடுத்தார்.

"சொல்லும்மா. கடையில தலைக்கு மேல வேலை."

கூப்பிட்டவள், கணித ஆராய்ச்சிக்காக அவரிடம் விவரம் கேட்கத் தொடங்கியவள். சின்னக் கடைகளில் மக்கள் எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. எத்தனை பேர் வந்தார்கள், அதிகமாகக் காத்திருந்தவர் எவ்வளவு நேரம் நின்றார்? இரண்டு வருடமாக, வாரம் தவறாமல் இந்த இரண்டே கேள்விகள்.

"எத்தனை பேர் சார் வந்தாங்க?"

"நூத்திப்பத்து. ஒரு வக்கீல் குமாஸ்தா மூட்டைக் காகிதத்தோட வந்துட்டான். அவனும் விரட்டுறான், பின்னாடி நிக்கிறவங்களும் கத்துறாங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவருக்குக் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

"அம்மா, திட்டாதே. கடையை மூடி நாலு மாசமாச்சு. குமாஸ்தா, கூட்டம் எல்லாம் என் புளுகு. உண்மையைச் சொன்னா நீ கூப்பிட மாட்டியேன்னு... உன் ஆராய்ச்சி பாழாப்போச்சா?"



"இல்லை சார். அதை முடிச்சுக் கொடுத்து, பட்டமும் வாங்கி எட்டு மாசமாச்சு."

"அப்புறம் ஏம்மா கூப்பிடுறே?"

"வேலை கிடைச்சுப் புது ஊருக்கு வந்துட்டேன் சார். 'சொல்லும்மா'ன்னு என் போனை எடுக்க இங்க யாரு இருக்கா?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ரெண்டாவது கேள்வி பாக்கி சார். இந்த வாரம் அதிகமாக் காத்திருந்தவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்?"

"ஏழு நாள்ம்மா" என்றார் கடைக்காரர்.