வாடிக்கையாளர் சொன்னது

வத்தல் மண்டிக்காரர் மகனான கனகவேலுக்கு, எதிரில் நிற்பவனின் முதல் பேச்சை நம்பும் பழக்கம் பிறவியிலேயே கிடையாது. நெட்வொர்க் டிசைன் பரீட்சையில் இரண்டு தடவை அவனைக் கவிழ்த்ததும் அதுதான். இன்னொரு தடவை கவிழ்ந்தால் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிடும். ஊரில் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருக்க, இவன் சாக்கு எண்ண வேண்டும்.

அதே பரீட்சையை எப்போதோ பாஸ் செய்துவிட்ட மனைவி ஜெயசுதா, சாப்பாட்டு மேசையில், வாடிக்கையாளரின் தேவையைச் சொல்லும் கேஸ் ஸ்டடி கேள்வியை வாசித்தாள். ஓர் ஆஸ்பத்திரி. ஒரு நெட்வொர்க் லைன் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது. செலவைப் பற்றிக் கவலையில்லை.

"கவலையில்லைன்னு எவன் சொல்வான்? பில்லைப் பார்த்ததும் பாதியாக் குறைன்னு நிப்பான். ஒத்த லைன் போதும்."

"ரெண்டு லைன்தாங்க விடை. அவன் சொன்னா சொன்னதுதான். உங்களை யாரு பேரம் பேசச் சொன்னா?"

வாசிக்க வாசிக்க அவனும் வழிக்கு வந்தான். ஆட்களைக் குறைக்கும் எண்ணமில்லை என்று ஒரு வங்கி சொன்னது, நம்பினான். அடுத்த வருடம் இரண்டு மடங்காக வளரப்போவதாக ஒரு கல்லூரி சொன்னது, அதையும் நம்பினான். விடைகள் வரிசையாகச் சரியாக வந்தன. முன்பணம் வாங்காமல் லாரியை அனுப்பிவிட்டவனைப் போல ஒவ்வொரு விடையையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டான்.

"பாஸானா வேலை போகாதுன்னு எங்க மேனேஜர் சொன்னாரே, ஜெயா. அதையும் இப்படியே எடுத்துக்கிடவா?"

ஜெயசுதா அவனைப் பார்த்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

"அது பரீட்சைல வராதுங்க" என்றாள்.