தானே எழுதிய பரிந்துரை

பேராசிரியரின் மேசைக்கு முன்னால் அவள் நிற்கிறாள். முனைவர் பட்ட உதவித்தொகைக்கான பரிந்துரைக் கடிதம் அவர் கையில் இருக்கிறது. இந்தத் துறையில் அதை விண்ணப்பிப்பவரே எழுதிக்கொண்டு வர வேண்டும். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். மூன்றாவது வருடமாகத் தன்னையே 'இவர்' என்று எழுதி எழுதி, அது யாரோ ஒருத்தியைப் பற்றிய கடிதம்போல் ஆகிவிட்டது அவளுக்கு. மேசைக் கண்ணாடியில் ட்யூப்லைட் நீளமாகக் கிடக்கிறது. பக்கத்து ஆய்வகத்தில் ஓர் இரும்புப் பட்டையை இயந்திரம் வளைத்து வளைத்து நிமிர்த்துகிறது. எத்தனையாவது தடவையில் அது உடையும் என்று பார்க்கிற சோதனை. டக், டக் என்று சுவரைத் தாண்டி வருகிறது சத்தம்.

"வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுதுல்ல?"

"ஆமா சார்."

'மிகச் சிறந்த மாணவி' என்பதில் முதல் இரண்டு சொற்களை அடித்துவிட்டு, மேலே 'நல்ல' என்று எழுதுகிறார்.

"இத மாத்திக் கொண்டு வாம்மா. படிக்கிறவங்க நம்பணும்ல."

"சரி சார்."

ஆய்வகத்துக் கணினி முன் வந்து உட்கார்கிறாள். இங்கே சத்தம் இன்னும் கிட்டத்தில் கேட்கிறது. சொன்ன இடத்தில் திருத்துகிறாள். கடைசிப் பத்தியில் இன்னொரு 'மிகச் சிறந்த' இருக்கிறது. அவர் கண்ணில் அது படவில்லை. அதையும் 'நல்ல' என்று மாற்றிவிட்டு, அச்சுக்குக் கொடுக்கிறாள்.