சுண்ணாம்பில் கொஞ்சம் பால்

"உங்க மகன் நெனாத் எங்கே?" போருக்கு ஆள் பிடிக்க வந்த சிப்பாய் கேட்டான்.

"ஓடிட்டான். பெத்தவகிட்டகூட சொல்லல, தம்பி," என்றாள் தெசாங்கா.

சிப்பாய் தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடிலுக்குள் எட்டிப் பார்த்தான். "வெள்ளரிக் கொடியத் சூரியன் வர்ற தெற்கால ஏத்திவிட்டா, பின்னால இருக்குற குடைமிளகாய்க்கு வெயில் எப்படி விழும்?"

"வயசாச்சு. புத்தி தடுமாறிப்போச்சு."

"கண்ணாடி பூரா சுண்ணாம்பு வேற. வெயில் தணிஞ்ச செப்டம்பர்ல நிழலுக்குன்னு யாரு பூசுவாங்க?"

அந்த நேரம் பார்த்துக் கொடிக்குப் பின்னால் நெனாத் இருமிவிட்டான்.

ஜீப்பிலிருந்து அதிகாரி கத்தினார். "என்னடா அங்க?"

"வெறும் மிளகாய்ச் செடி, ஐயா!" என்று சிப்பாய் பதிலுக்குக் கத்தினான்.

பிறகு குரலைத் தாழ்த்தினான். "வெறும் சுண்ணாம்பு ஒரு மழைக்கே கரைஞ்சிரும், அத்தை. அதுல கொஞ்சம் பால் கலந்து பூசுங்க. எங்கம்மா அப்படித்தான் பூசியிருக்கா. எங்க குடிலுக்குள்ள என் தம்பி இருக்கான்."