ஜீவராணி கொண்டுவந்த டம்ளர்

மழை ஓய்ந்த பின்னும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தின் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருக்கிறது. மார்பில் புற்றுநோய் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து வேலாயி சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். மகள் ரேணுகா எவ்வளவு கெஞ்சியும் பேச்சில்லை. அதனால்தான் வரிசையில் கடைசிக் காம்பரா வீட்டிலிருந்து ஜீவராணியை அழைத்து வந்திருக்கிறாள். இதே நோயிலிருந்து மீண்டவள் இந்த லயத்தில் அவள் ஒருத்திதான். "பயப்படாதீங்க அத்தை. முடி கொட்டும், திரும்ப மொளைச்சிரும். என்னையப் பாருங்க" என்று ஜீவராணி அவள் பாதத்தைத் தடவுகிறாள். சுவர்ப் பக்கமிருந்த முகம் மெல்லத் திரும்புகிறது. ரேணுகா இருப்பதிலேயே நல்ல கோப்பையைத் துடைத்து, ஆவி பறக்கும் பிளேன்டீயை ஊற்றி இரண்டு கையாலும் நீட்டுகிறாள். ஜீவராணி அதைத் தொடவில்லை. முந்தானைக்குள்ளிருந்து நசுங்கிய சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துத் தரையில் வைக்கிறாள். "இதுல ஊத்து ரேணு. பழகிருச்சு." குரலில் கோபமே இல்லை. ஜீவராணி நோயில் கிடந்த காலத்தில், ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, "இனிமே வந்தா ஒங்க டம்ளரக் கொண்டாந்துருங்கக்கா" என்று சொன்னவள் ரேணுகாதான். கோப்பை கையில் சுடுகிறது. வேலாயி எழுந்து உட்கார்ந்து, அந்த டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். "எனக்கும் இனிமே இதுலயே ஊத்து" என்கிறாள் மகளிடம்.